மூன்றாவது வகுப்பு எதற்கு?

கேள்வி: அக்கா, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் (வரிசை வீட்டில்). ஆங்கிலம் வாசிப்பேன், எழுதுவேன். ஆனால் விருந்தினர்கள் ‘ரன் அவுட்’, ‘புட் அப் வித்’ என்று பேசினால் தடுமாறுகிறேன். சுடுதண்ணீர் ‘ரன் அவுட்’ என்று ஒருவர் சொன்னதும் குழாய் உடைந்து தண்ணீர் ஓடுகிறது என்று நினைத்து, தலையாட்டிவிட்டுப் பிளம்பரை அனுப்பினேன். இரண்டு ஆங்கில வகுப்புகளுக்குப் போயும் பயனில்லை. கொழுந்து பறிக்கும் அம்மா தோட்டை அடகு வைத்து, ஹட்டனில் மூன்றாவது வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டார். அங்கே கொடுத்த இப்படிப்பட்ட சொற்களின் பட்டியல் மனதில் நிற்கவில்லை. என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, தோடு அடகுக்குப் போனதை அரை வரியில் எழுதிவிட்டுப் பட்டியலுக்குத் தாவிவிட்டாய். தோட்டத் தொழிலாளிக்கு 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அந்த வருமானத்தில் சேர்த்த தோடு அது. மாதச் சம்பளம் வாங்குகிற நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளை வீட்டுப் பாரத்தைத் தன் தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் எனக்கு வேறு பேச்சே கிடையாது. அடகுச் சீட்டை இன்றே அம்மாவிடம் கேட்டு வாங்கு. வரும் சம்பளத்திலிருந்து மீட்கத் தொடங்கு.

உன் ஆங்கிலத்துக்கு வருகிறேன். ‘லுக் ஆஃப்டர்’, ‘லுக் ஃபார்’, ‘லுக் இன்டு’ என்று ஒரே வினையை வரிசையாக அடுக்கிப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பத்தான் செய்யும். நாள் முழுவதும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் உன் மேசைக்கே வருகிறார்கள். அவர்கள் சொல்வதை முழு வாக்கியமாக எழுதிக்கொள். நானுஓயா ஸ்டேஷனிலிருந்து ‘பிக் அப்’ பண்ண வேன் கேட்பார்கள், பெட்டிகளை ‘டிராப் ஆஃப்’ பண்ணிவிட்டுச் சுற்றப் போவார்கள். காதை வினையோடு நிறுத்திவிடாதே. ‘டர்ன் த ஹீட்டர் ஆஃப்’ என்பதில் பொருளை முடிவு செய்வது கடைசியில் வரும் ‘ஆஃப்’தான். ஹீட்டரை விட்டுவிட்டு ‘இட்’ போட்டால் அது நடுவில்தான் வரும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘லுக் ஆஃப்டர்’ அப்படிப் பிரியாது. ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றே வரும். பட்டியலில் இது தெரியாது, வாக்கியத்தில் தெரியும்.

சுடுதண்ணீர் விஷயத்தில் உன் தவறு அந்தத் தலையாட்டல்தான். “மன்னிக்கவும், வேறு மாதிரிச் சொல்ல முடியுமா?” என்று அவரிடமே கேட்டிருந்தால், தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அப்போதே விளங்கியிருக்கும். ஒரு சதம்கூடச் செலவில்லை. ‘புட் அப் வித்’ என்றால் சகித்துக்கொள்வது. பக்கத்து அறைச் சத்தத்தைப் பற்றி முறையிட வருகிறவர் வாயில் இது வரும்.

ஹட்டன் வகுப்பை நிறுத்திவிடு. கட்டிய பணத்தில் மிச்சத்தை நீயே நேரில் போய்க் கேள். அம்மாவை அனுப்பாதே.