20 கணினிகளில் விண்டோஸ் போட வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் உட்காராமல் முடிக்க வழி உண்டா?

வழி உண்டு. வாழப்பாடியில் தட்டச்சும் டேலியும் சொல்லித்தரும் மையம் நடத்துவதாகவும், 20 சிஸ்டத்தையும் விண்டோஸ் 11-க்கு மாற்ற வேண்டும் என்றும், நெட் மெதுவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் தமிழ் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டும் என்பதும், நண்பர் தரும் 'லைட்' ஐஎஸ்ஓவை, அதாவது சில பகுதிகளை வெட்டிச் சிறிதாக்கிய விண்டோஸ் நிறுவல் கோப்பை, போடலாமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கின்றன. நான் சேலம் ஐந்து ரோடு பக்கம் 2004-லிருந்து கணினி சர்வீஸ் செய்கிறேன். இந்த வேலையை நிறையச் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த லைட் ஐஎஸ்ஓ. வேண்டாம். யார் எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று தெரியாத ஒன்றை 20 சிஸ்டத்தில் ஏற்றி, அதில் மாணவர்களை உட்கார வைத்து, டேலியில் கணக்கும் போடச் சொல்வது சரியில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே ஐஎஸ்ஓ கிடைக்கிறது. அதைக் கை வைக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள். உங்களுக்குத் தேவையான மாற்றம் ஐஎஸ்ஓவுக்கு உள்ளே நடக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் போடும்போது நேரம் எங்கே போகிறது என்று கவனித்துப் பாருங்கள். கோப்பு நகலாவதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். மொழி எது, விசைப்பலகை எது, எந்தப் பதிப்பு, கணக்குப் பெயர் என்ன, நெட் எங்கே என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு நமக்காகக் காத்திருக்கிறது. அந்தக் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி பென்டிரைவில் வைத்துவிட்டால், செட்டப் அதைப் படித்துக்கொண்டு தானாகவே நகரும். எக்ஸ்பி காலத்தில் இதற்கு வின்என்டி.சிஃப் என்ற கோப்பு இருந்தது. விஸ்டாவிலிருந்து ஆட்டோஅனட்டெண்ட்.எக்ஸ்எம்எல். பென்டிரைவின் முதல் அடுக்கில், எந்த ஃபோல்டருக்கும் உள்ளே போடாமல் அதை வைத்தால் போதும், செட்டப் தானே தேடி எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கோப்பில் மொத்தம் 7 கட்டங்கள் உண்டு. நமக்கு மூன்று போதும். செட்டப் திரை வரும் விண்டோஸ்பிஇ கட்டம், கணினிப் பெயர், நேர மண்டலம் போன்றவற்றை வைக்கும் ஸ்பெஷலைஸ் கட்டம், கடைசியில் பயனர் கணக்கு உருவாகும் ஓஓபிஇ கட்டம். விண்டோஸ் நிறுவல் வேலைக்கான மைக்ரோசாஃப்டின் ஏடிகே கருவித் தொகுப்பில் இருக்கும் சிஸ்டம் இமேஜ் மேனேஜர் வழியாக எழுதினால் எழுத்துப்பிழையை அதுவே காட்டிக்கொடுக்கும். நோட்பேடில் எழுதினாலும் வேலை செய்யும்.

இது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்கு ஏற்காட்டில்தான் புரிந்தது. நாகலூர்ப் பக்கம் ஒரு சிறிய பள்ளி, 14 சிஸ்டம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பத்து மணி. மதியத்துக்கு மேல் மழை பிடித்தது, கரண்ட் போய்ப் போய் வந்தது. விண்டோஸ் 11 செட்டப்போ கடைசியில் நெட்டையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்டு நின்றுவிட்டது. அங்கே போனில் சிக்னலே ஒரு கோடு. அன்று மூன்று சிஸ்டம்தான் முடிந்தது. கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன். அப்புறம் வீட்டில் மூன்று ராத்திரி உட்கார்ந்து அந்தக் கோப்பை எழுதினேன். உள்ளூர்க் கணக்கு ஒன்றை அதிலேயே உருவாக்கச் சொல்லிவிட்டால், நெட் கேட்கும் பக்கத்தைத் தாண்டிப் போய்விட முடியும். அடுத்த வாரம் நான்கு பென்டிரைவோடு மேலே போனேன். மீதி 11 சிஸ்டமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தன. தலைமையாசிரியர் அம்மா நம்பவே இல்லை, ஒவ்வொன்றையும் அவரே திறந்து பார்த்தார்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். எந்த ஹார்ட் டிஸ்கை அழிப்பது என்ற முடிவை அந்தக் கோப்புக்குக் கொடுக்காதீர்கள்.

கொடுக்க முடியும். 'டிஸ்க் 0-வை முழுதாக அழி, பார்ட்டிஷன் பிரி, அதில் போடு' என்று எழுதினால் அப்படியே செய்யும். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அவர்கள் சிஸ்டத்தில் புதிதாக ஒரு எஸ்எஸ்டி போட்டு, பழைய ஹார்ட் டிஸ்கையும் அப்படியே விட்டிருந்தோம். டிஸ்க் 0 என்பது எஸ்எஸ்டிதான் என்று நான் நினைத்தேன். அந்த மதர்போர்டு பழைய ஹார்ட் டிஸ்கைத்தான் 0 என்று எண்ணியிருந்தது. கொலுசு டிசைன் படங்களும், யாரிடம் எத்தனை கிராம் வெள்ளி கொடுத்திருக்கிறது என்ற கணக்கும் அதில் இருந்தன. மீட்புச் செயலி போட்டு இரண்டு நாள் தேடியும் பாதிதான் திரும்பக் கிடைத்தது. அந்த முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒன்றும் பேசாமல் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஆள் ஆளாகப் போன் போட்டு எடையைக் கேட்டு எழுத ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

அன்றிலிருந்து என் கோப்பில் டிஸ்க் பகுதியே கிடையாது. அதை எழுதாமல் விட்டால் செட்டப் அந்த ஒரு பக்கத்தில் மட்டும் நின்று கேட்கும். நான் டிஸ்கின் அளவைப் பார்த்து, உரியவரிடம் ஒரு முறை வாய்விட்டுக் கேட்டுவிட்டு, கையால் தேர்ந்தெடுப்பேன். ஒரு சிஸ்டத்துக்கு அரை நிமிடம் கூட ஆகாது. இன்னொரு பாதுகாப்பும் இதில் உண்டு. மையத்தில் மறந்துவிட்டுப் போன பென்டிரைவை யாராவது செருகி ஆன் செய்தால், முழுத் தானியங்கிக் கோப்பு கேட்காமலே எல்லாவற்றையும் அழித்துவிடும். இது அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். அதே காரணத்தால் கோப்பில் எழுதும் கடவுச்சொல்லும் தற்காலிகமானதாக இருக்கட்டும். மறைத்து எழுதியது போலத் தெரிந்தாலும் அது வெறும் பேஸ்64 குறிமாற்றம், யாரும் திருப்பிப் படித்துவிடலாம்.

தமிழுக்கு வருகிறேன். உங்கள் மையத்துக்கு இதுதான் முக்கியம்.

எக்ஸ்பி காலத்தில் என்லைட் என்று ஒரு செயலி இருந்தது. சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பு, ஹார்ட் டிஸ்க் தெரிய வேண்டிய சாட்டா டிரைவர் எல்லாவற்றையும் சிடிக்குள்ளேயே சேர்த்துவிடலாம், வேண்டாததை வெட்டியும் எடுக்கலாம். நானும் ஆர்வத்தில் சிடியைச் சின்னதாக்குகிறேன் என்று மொழிகள் பகுதியை வெட்டினேன். எக்ஸ்பியில் தமிழ் யூனிகோட் ஒழுங்காகத் தெரிய, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளைத் தனியாக டிக் செய்து நிறுவ வேண்டும். நான் வெட்டியதில் அதுவும் போய்விட்டது. கடைக்காரர் ஒருவர் தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் முழுக்கச் சதுரப் பெட்டிகளாக வந்தது. அதிலிருந்து நான் விண்டோஸில் எதையும் வெட்டுவதில்லை. தொடக்கப் பட்டியலில் இருக்கும் விளையாட்டுகளை நிறுவிய பிறகு நீக்கினால் போதும். டிஃபெண்டர், அப்டேட், மொழி இவற்றில் கை வைக்க வேண்டாம்.

இப்போதைய விண்டோஸில் தமிழ் தெரிவதில் சிக்கல் இல்லை. அடிப்பதில்தான் கவனம் வேண்டும். கோப்பில் மொழியும் விசைப்பலகையும் எண்ணாக எழுதப்படும். இந்திய ஆங்கிலத்துக்கு 4009, தமிழுக்கு 0449. இந்திய ஆங்கிலத்தை முதலில் வையுங்கள், ரூபாய்க் குறி ஆல்ட்ஜிஆர் விசையோடு 4 அழுத்தினால் வந்துவிடும். விண்டோஸில் 'தமிழ்' என்ற பெயரில் இருக்கும் விசைப்பலகை, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் அமைப்பு. 1999 சென்னை மாநாட்டில் தரப்படுத்திய தமிழ்99 வேண்டுமென்றால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அரசுத் தட்டச்சுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பழைய தட்டச்சுப் பொறி அமைப்பில் பழகியிருப்பார்கள், அவர்களுக்கு என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை மாதிரி ஒன்று கூடவே வேண்டும். டிடிபி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாமினியும் வானவில் அவ்வையாரும் இல்லாமல் நடக்காது. இந்த எழுத்துருக்களை விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்கு ஸ்கிரிப்டில் நகலெடுத்தால் மட்டும் போதாது, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் பதிய வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் ஆனது.

மற்ற செயலிகளை நெட் இல்லாமல் ஏற்ற, நிறுவும் கோப்புகளை பென்டிரைவிலேயே ஒரு ஃபோல்டரில் வையுங்கள். எம்எஸ்ஐ வகைக் கோப்புகள் எதையும் கேட்காமல் நிறுவிக்கொள்ளும், 7-ஜிப், விஎல்சி போன்றவற்றுக்கும் அந்த வசதி உண்டு. நிறுவல் முடிந்ததும் ஓடும் செட்டப்கம்ப்ளீட் என்ற ஸ்கிரிப்டில் இவற்றை எழுதச் சொல்லிப் பலர் சொல்வார்கள். பிராண்டட் சிஸ்டங்களில் தயாரிப்பாளர் போட்ட விண்டோஸ் சாவி (ஓஇஎம் சாவி) மதர்போர்டிலேயே இருக்கும், அந்தச் சாவியோடு நிறுவினால் அந்த ஸ்கிரிப்ட் ஓடாது. அதற்குப் பதில் நம் ஆட்டோஅனட்டெண்ட் கோப்பின் முதல் லாகின் கட்டளைகள் பகுதியில் எழுதுங்கள், அது எல்லாவற்றிலும் ஓடும்.

டிரைவர்களைப் பழைய விண்டோஸ் இருக்கும்போதே அதிலேயே இருக்கும் டிஐஎஸ்எம் கட்டளையால் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான சில லேப்டாப்களில் டிஸ்கை அடையாளம் காண உதவும் இன்டெலின் விஎம்டி டிரைவர் கொடுக்காவிட்டால் செட்டப்பில் டிஸ்கே தெரியாது. எக்ஸ்பியில் எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியில் சாட்டா டிரைவர் கொடுத்தவர்களுக்கு இது பழகிய கதைதான். இன்னொன்று, பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐயில் எல்லா சிஸ்டத்திலும் பூட் ஆக, பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் ஆகியிருப்பது நல்லது. ஆனால் அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு போகாது, விண்டோஸ் முழுவதும் அடங்கிய இன்ஸ்டால்.விம் கோப்பு அதைவிடப் பெரிது. டிஐஎஸ்எம் அதைத் துண்டுகளாகப் பிரித்துத் தரும்.

20 சிஸ்டமும் அச்சாக ஒரே மாடல் என்றால் ஒன்றைத் தயார் செய்து, அந்தக் கணினிக்கே உரிய அடையாளங்களை நீக்கும் சிஸ்ப்ரெப் ஓட்டி, டிஸ்கை நகலெடுக்கும் குளோன்ஸில்லாவில் நகலெடுத்துப் பரப்பலாம். வேகம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த நகலில் எல்லாமே பழையதாகிவிடும். கோப்பு என்றால் ஒரு வரி மாற்றினால் முடிந்தது. நான் கோப்புப் பக்கம்தான்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. விண்டோஸ் 11 கேட்பவை டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ, இவை இல்லாத சிஸ்டங்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். தட்டச்சுப் பயிற்சிக்கு அவற்றில் லினக்ஸ் வகைகளான டெபியனோ உபுண்டுவோ தாராளமாக ஓடும். அங்கேயும் இதே வழி உண்டு. டெபியனில் ப்ரீசீட், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால், ரெட்ஹேட் குடும்பத்தில் கிக்ஸ்டார்ட். இவற்றில் எனக்குப் பிடித்த விஷயம், ஃபெடோராவையோ உபுண்டுவையோ ஒருமுறை கையால் நிறுவி முடித்தால், நீங்கள் சொன்ன பதில்களை அதுவே ஒரு கோப்பாக எழுதி வைத்திருக்கும். அதைத் திருத்தி அடுத்த சிஸ்டத்துக்குக் கொடுக்கலாம்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம், டேட்டா எதுவும் இல்லாத ஒரு சிஸ்டத்தில் மட்டும் முதலில் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் நின்று கேட்டால், அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து இங்கே கருத்தில் போடுங்கள். எந்த வரி விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.