சிறப்புக் குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க ஊரில் ஒரு குழுவை எப்படித் தொடங்குவது?

உங்கள் மகளுக்கு ஆட்டிசம், ஊரில் இதே மாதிரி நான்கைந்து வீடுகள் இருந்தும் யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரிலும் இதே நிலைதான். நாங்கள் செய்ததையும் செய்து தோற்றதையும் அப்படியே சொல்கிறேன்.

என் மகனுக்கு இப்போது 12 வயது. மூளை முடக்குவாதம். நாங்கள் சி.பி. என்றுதான் சொல்வோம். பிடிமானம் இல்லாமல் உட்கார முடியாது, பேச்சு கிடையாது, ஆனால் வீட்டில் நடப்பது எல்லாம் அவனுக்குப் புரியும். திருச்சி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். வட்டார வள மையத்தில் பிசியோ நடக்கும் நாளில் ஆறேழு அம்மாக்கள் வராந்தாவில் காத்திருப்போம். ஒரு வருஷம் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும், "எந்த ஊரு, எத்தனை மணிக்குப் பஸ்" என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை.

முதலில் வாட்ஸப் குழு ஆரம்பித்தோம். காலை வணக்கம் படங்கள் வந்தன, இரண்டு மாதத்தில் ஓய்ந்துவிட்டது. அப்புறம் ஒரு டாக்டரை அழைத்துக் கூட்டம் போட்டோம். நன்றாகத்தான் பேசினார். ஆனால் குழந்தைகள் அழுததால் பாதி அம்மாக்கள் இடுப்பில் பிள்ளையோடு வெளியில் நின்றார்கள். யாருக்காகக் கூட்டமோ அவர்களுக்கே காதில் விழவில்லை.

என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த அன்றுதான் எல்லாம் மாறியது. கணவர் லாரியோடு நாக்பூரில். பிசியோவுக்குத் தன் மகளை அழைத்து வரும் டெய்லர் அக்காவுக்குப் போன் செய்து அழுதேன். "பையனை என்கிட்ட விட்டுட்டு நீ கிளம்பு" என்றார். விட மனசு வரவில்லை. அவனுக்குச் சோறு ஊட்ட என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

நாற்காலியில் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து நேராக உட்கார வைக்க வேண்டும். கால் தொங்கக் கூடாது, கீழே ஒரு மணைக்கட்டை வேண்டும். தலை பின்னால் சாயாமல் தாடை கொஞ்சம் உள்வாங்கி இருக்க வேண்டும். ஸ்பூனை மேலிருந்து கொண்டுவந்தால் அண்ணாந்துவிடுவான், புரையேறும். நெஞ்சு உயரத்திலிருந்து கொண்டுபோய், நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி எடுக்க வேண்டும். தொண்டை அசைந்து விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். தண்ணீர் மாதிரி இருக்கும் ரசம் ஆகாது, குழையப் பிசைந்து கெட்டியாக இருக்க வேண்டும். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. நான்கு வாய் நான் ஊட்டிக் காட்டினேன், அடுத்த நான்கை அக்கா ஊட்டினார். ஐந்தாவதுக்கு என் மகன் அவரைப் பார்த்துச் சிரித்தான். நான் பஸ் ஏறினேன். அவன் பிறந்து ஐந்து வருஷத்தில் அவன் இல்லாமல் நான் போன முதல் பயணம் அது.

அதனால் என் பதில் இதுதான். உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டுக்கு வெளியில் இரண்டு பேராவது வேண்டும். குழுவை அங்கே தொடங்குங்கள். பெயர், பேனர், பதிவு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு எந்தச் சத்தம் ஆகாது, மிக்ஸியா குக்கர் விசிலா, தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவாள், கதவு திறந்திருந்தால் எந்தப் பக்கம் ஓடுவாள் என்று ஒரு பக்கம் எழுதி இன்னொரு அம்மாவிடம் கொடுங்கள். அவர் பிள்ளையைப் பற்றியும் எழுதி வாங்குங்கள். எங்களில் மூன்று பிள்ளைகளுக்கு ஃபிட்ஸ் உண்டு. அவர்கள் தாளில் முதல் வரியே இதுதான்: ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையில் இரும்பைக் கொடுத்து நேரத்தை வீணாக்காதே, ஐந்து நிமிஷம் தாண்டினால் 108க்குக் கூப்பிடு.

இப்போது ஒன்பது குடும்பங்கள் இருக்கிறோம். சனிக்கிழமை மதியம் இரண்டு பேர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம் ஓய்வு. தூங்குகிறவர்கள் தூங்கட்டும், யாரும் கணக்குக் கேட்பதில்லை. பாட்டிகளையும் சேர்த்தோம். பேரனைப் பற்றி மருமகளிடம் பேசாத பாட்டிகள், இன்னொரு பாட்டியிடம் மனம் விட்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆபீஸ் வேலைகளும் இப்படித்தான் சுலபமாயின. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை முகாமுக்குத் தனித்தனியாகப் போய்ப் பிள்ளையோடு வெயிலில் நின்றவர்கள், அடுத்த முறை ஒரே வேனில் போனோம். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவிக்கு எந்தத் தாள் வேண்டும் என்று ஒருவர் அலைந்து தெரிந்துகொண்டது எல்லோருக்கும் பயன்பட்டது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளுக்கு ஒருவர் ஐந்து மனுக்களை எடுத்துப் போவார், அவர் பிள்ளை எங்களோடு இருக்கும். ஒரு பெண்ணுக்கு 18 வயது முடிந்ததும் வங்கியில் அம்மாவின் கையெழுத்து செல்லாது என்றார்கள். ஆட்டிசம், சி.பி., அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் மாவட்டக் குழுவில் விண்ணப்பித்துச் சட்டப் பாதுகாவலர் ஆகலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. உங்கள் மகள் சின்னவள்தான், இருந்தாலும் நினைவில் வைத்திருங்கள்.

இன்னொன்று, ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆட்டிசம் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் கண்டிப்பாகச் சொல்வார்கள். எங்களில் ஒரு குடும்பம் நகையை விற்கக் கிளம்பியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ஆம் வருஷத்து வழிகாட்டுதல்படி, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்யக் கூடாது என்று காட்டித்தான் நிறுத்தினோம். பெரிய செலவு செய்யும் முன் குழுவில் ஒரு வார்த்தை கேட்பது இப்போது எங்கள் வழக்கம்.

சண்டைகளும் வந்தன. ஆளுக்கு 200 ரூபாய் போட்டு நடத்திய ஆண்டு விழாவுக்குப் பிறகு இரண்டு வீடுகள் மூன்று மாதம் பேசவில்லை. அதிலிருந்து பணம் சேர்ப்பதே இல்லை. "உங்க பையன் நடந்துட்டானா?" என்ற கேள்வியையும் விட்டுவிட்டோம். ஒரே வியாதியாக இருந்தாலும் பிள்ளைகள் வேறுவேறு. ஒருவரின் சந்தோஷம் பக்கத்தில் இருப்பவருக்கு வலிக்கும்.

"நாலு பொம்பளைங்க சேர்ந்து என்ன ஆகப்போகுது" என்று என் கணவரே கேட்டார். சென்னையில் சிறப்புக் குழந்தைகளுக்கான வித்யாசாகர் அமைப்பை 1985இல் தொடங்கிய பூனம் நடராஜனும் சி.பி. உள்ள ஒரு பிள்ளையின் அம்மாதான் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது லோடு இல்லாத சனிக்கிழமைகளில் பெரிய பையன்களை நாற்காலியில் தூக்கி வைப்பது அவர்தான்.

அடுத்த தடவை உங்கள் மகளை தெரபிக்கு அழைத்துப் போகும்போது, வாசலில் காத்திருக்கும் ஓர் அம்மாவிடம், "நீங்க டீ குடிச்சிட்டு வாங்க, பத்து நிமிஷம் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் தடவை போக மாட்டார். மூன்றாவது தடவை போவார்.