உபதேசியாரும் பிஸ்கட் டப்பா பைபிளும்

அன்புள்ள ஐயா,

உகாண்டா பற்றிய கட்டுரையில் கிராமங்களில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களை ரொம்பவே உயர்த்திச் சொல்லியிருந்தீர்கள். அச்சடித்ததும் கற்பித்ததும் வெள்ளைக்கார மிஷனரிகள். இவர்கள் நாலு வசனத்தை மனப்பாடம் செய்து ஊர் ஊராக ஒப்பித்தவர்கள்தானே? அதைப் போய்க் கல்வி என்பதா?

செ., மதுரை

அன்புள்ள செ.,

அச்சு இயந்திரம் மிஷனரிகளுடையதுதான். ஆனால் 1896இல் முழுமையடைந்த லுகாண்டா மொழி பைபிளுக்காக மிஷனரி ஜார்ஜ் பில்கிங்டனோடு உட்கார்ந்து உழைத்தவர் ஹென்றி ரைட் டூட்டா. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அவர் உகாண்டாவிலுள்ள புகாண்டா ராஜ்யத்துக்காரர்தான். அந்த பைபிளைக் கரையான் அரிக்காமலிருக்க, பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கும்படி ஒடுக்கமாக, தடிமனாக ஒரு பதிப்பு போட்டார்கள்.

மனப்பாடம் என்கிறீர்கள். அங்கே சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தின் சபையில் ஞானஸ்நானம் கேட்டு வந்தால், வயதானவர்கள் போன்ற சிலர் நீங்கலாக, நற்செய்தியை வாசித்துக் காட்ட வேண்டும். புத்தகமோ குறைவு. ஒரே தாளைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து படித்ததில், எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் எழுத்தைத் தலைகீழாகவே வாசிக்கப் பழகிவிட்டார்களாம். ஒப்பிக்கிறவனுக்கு எதற்கு இந்தப் பாடு?

அப்போலோ கிவெபுலாயா என்ற உபதேசியார் செம்லிக்கி ஆற்றைத் தாண்டி, இன்றைய காங்கோவிலுள்ள ம்போகாவுக்குப் போனார். அவருக்கு முன்னால் போன இருவருக்குச் சாப்பாடே கிடைக்காதபடி ஊர்த்தலைவர் செய்துவிட, அவர்கள் திரும்பிவிட்டார்கள். அப்போலோவுக்கு அடி விழுந்தது. தலைவரின் சகோதரி தவறி ஈட்டிமேல் விழுந்து இறந்தபோது பழியும் இவர்மேல் வந்து, சிறைக்கும் போனார். வெளியே வந்த பிறகு எங்கே போனார்? மறுபடியும் அதே ஊருக்கு! அந்தத் தலைவரே பிறகு ஞானஸ்நானம் பெற்றார். அப்போலோ 1903இல் குருவானவரானார். 1933இல் ம்போகாவிலேயே இறந்தார். வழக்கத்துக்கு மாறாகத் தன் தலையைக் காங்கோ காட்டுப் பக்கம், மேற்கு நோக்கி வைத்துப் புதைக்கச் சொல்லியிருந்தார். வேலை அந்தத் திசையில்தான் பாக்கி இருந்தது.

ஐக்கியத்தைப் பற்றி, அதாவது விசுவாசிகள் ஒன்றாகக் கூடி உறவாடுவதைப் பற்றி, நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதை விட்டால் பாதிக்கதைதான். 1930களில் ருவாண்டாவின் கஹினியிலிருந்து பரவிய எழுப்புதல் என்ற ஆன்மிக விழிப்பு இயக்கத்தில் கிராமத்து ஆட்களும் மிஷனரிகளும் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் குற்றங்களை எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொன்னார்கள். அந்தக் காலனி நாட்களில் ஒரு வெள்ளைக்காரர் ஆப்பிரிக்கரிடம் மன்னிப்புக் கேட்பது சின்ன விஷயமில்லை.

படிப்புக்கும் ஐக்கியத்துக்கும் முட்டிக்கொண்டதும் உண்டு. 1941இல் உகாண்டாவின் முகோனோ இறையியல் கல்லூரியிலிருந்து, எழுப்புதலைச் சேர்ந்த வில்லியம் நாகெண்டா உட்பட 26 மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். தடையை மீறி விடியற்காலையில் ஜெபக்கூட்டம் நடத்தியது முக்கியக் குற்றம். கல்லூரிப் பக்கமும் எனக்குப் புரிகிறது. “நீங்களே இன்னும் மனந்திரும்பவில்லை” என்கிற தொனியில் பேசும் மாணவர்களை எந்த ஆசிரியர்தான் பொறுத்துக்கொள்வார்? ஆனால் நாகெண்டா குருப்பட்டம் இல்லாமலே பல நாடுகளில் பிரசங்கித்தார். அந்த எழுப்புதல்காரர்களில் பெரும்பாலோர் தனிச்சபை தொடங்கவும் இல்லை. அதே ஆங்கிலிக்கன் சபைக்குள்ளேயே இருந்து, வாராவாரம் கூடிக்கொண்டிருந்தார்கள்.