சீனியர் ஒருத்தர் சேஃப்டிய கண்டுக்கவே மாட்டேங்கிறார்: கேள்வி பதில்

ஆபீஸ் சேஃப்டி கமிட்டில ரொம்ப வருஷமா இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.

கேள்வி: அண்ணே, எங்க செக்ஷன்ல 22 வருஷ சர்வீஸ் உள்ள சார் ஒருத்தர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இன்னொரு எக்ஸ்டென்ஷன சொருகி அதுல கெட்டில் போடுறார். கேட்டா "நீ வர்றதுக்கு முன்னாடியே போடுறேன், ஒண்ணும் ஆகல"ங்கறார்.

பதில்: எனக்கு ரொம்ப பயம் குடுக்கிற பதிலே இந்த "ஒண்ணும் ஆகல"தான் தம்பி. 1986ல சேலஞ்சர் விண்கலம் வெடிச்சு 7 பேர் செத்தாங்களே, அதுக்குக் காரணமான பூஸ்டர் ராக்கெட் இணைப்பு ரப்பர் சீல் முந்தின பயணங்கள்லயே அரிச்சுப்போய்தான் வந்துச்சு, ஆனா ஒவ்வொரு தடவையும் பத்திரமா திரும்பிட்டதால அது பழகிப்போச்சு. கெட்டிலும் அப்படித்தான். 2000 வாட் கெட்டில் 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், கரண்ட் ரெண்டு மடங்கானா ஒயர்ல சூடு நாலு மடங்கு, அதுவும் லூஸ் கனெக்ஷன் இருந்துட்டா அந்த ஒரே இடத்துல கொதிக்கும். வாதம் பண்ணாதீங்க. சுவிட்ச ஆஃப் பண்ணி, ஆறினதும் பிளக்க உருவி அவர் கையிலயே குடுங்க. பிளக்கோட கம்பிங்க இருக்கிற பக்கத்துல பழுப்பேறி பிளாஸ்டிக் இளகியிருந்துச்சுன்னா நீங்க வாயே திறக்க வேண்டாம்.

கேள்வி: சார், எமர்ஜென்சி கதவு முன்னாடி ஃபைல் கட்டா அடுக்கி வச்சிருக்கார் எங்க சீனியர். தாண்டிப் போலாமேன்னு சொல்றார்.

பதில்: வெளிச்சத்துல தாண்டலாம்ங்க, புகைல கண்ணே தெரியாது, குனிஞ்சு சுவத்த தடவிக்கிட்டுதான் போகணும். ஒரு தடவை டிரில் சமயத்துல இதே மாதிரி ஒரு பெரியவர கண்ண மூடிக்கிட்டு அவர் சீட்லேருந்து கதவு வரைக்கும் நடக்கச் சொன்னேன், கைய நீட்டிக்கிட்டே வந்தவர் முழங்கால்ல பெட்டி இடிச்சு அப்படியே நின்னுட்டார். ஒண்ணும் பேசல. சாயங்காலம் அவரே ஆள் கூட்டிட்டு வந்து காலி பண்ணார்.

கேள்வி: பக்கெட் தண்ணி இருக்கு, பத்தினா ஊத்திக்கலாம்னு வேற சொல்றாரே?

பதில்: கூடவே கூடாது! கரண்ட் ஓடுற சாமான் மேல தண்ணி பட்டா ஊத்தறவருக்கே ஷாக். மெயின ஆஃப் பண்ணணும், சிஓ2 தீயணைப்பு சிலிண்டர் எடுக்கணும், பெருசாயிட்டா எல்லாரும் வெளிய போயிடணும், அவ்வளவுதான்.

கேள்வி: மேனேஜர்கிட்ட சொன்னா "விடும்மா, அவர் அப்படித்தான்"ங்கறார். எழுதிக் குடுத்தா காட்டிக்கொடுத்தவன்னு பேர் வரும். அவர்தான் எனக்கு வேலையே கத்துக்குடுத்தவர், மனசு கேக்கல.

பதில்: அந்த மனசு இருக்கறதாலதான் சொல்றேன்மா, முதல்ல தனியா அவர்கிட்டயே பேசுங்க, நாலு பேர் முன்னாடி வேண்டாம். கேக்கலன்னா மெயில் போடுங்க, வாயால சொன்னது நிக்காது. அதுல அவர் பேரே வேண்டாம், "ரெண்டாவது மாடி கதவு அடைஞ்சிருக்கு, இன்ன தேதிக்குள்ள சரி பண்ணுங்க", ஒரு போட்டோ, போதும். சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1981ம் வருஷத்து 155வது உடன்படிக்கை, உயிருக்கு உடனடி ஆபத்துன்னு நியாயமா நம்பி வேலைய விட்டு விலகி நிக்கிறவங்களையே அதுக்காக தண்டிக்காம காப்பாத்தணும்னு சொல்லுது, நீங்க ஒரு கதவ திறந்து வைக்கச் சொல்றீங்க, இதுல என்னம்மா தப்பு? பதில் வரலன்னா ஒரு வாரத்துல அதே மெயில மேலதிகாரியையும் சேர்த்து திரும்ப அனுப்புங்க.