மணலில் மட்டியும் புழுவும் வாழும் உப்புநீர்த் தொட்டியில் அமோனியா ஏறி, நைட்ரேட் உருவாவது நின்றுபோவது ஏன்?

அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா செத்திருக்க வாய்ப்பு குறைவு. பி.எச். (நீரின் அமில-கார அளவு) 8.1-லிருந்து 7.7-க்கு இறக்கிய பிறகுதான் அமோனியா ஏறியது என்கிறீர்கள். ஆனால் மணலுக்குள் இருக்கும் நீர் பெரும்பாலும் மேல்நீரைவிட அமிலப்பாங்கானது, அங்குள்ள பாக்டீரியாவுக்கு அது பழக்கம்.

புழுக்களைத்தான் சந்தேகிக்கிறேன். அவை சோர்ந்தால், மணலில் அவை தோண்டிய வளைக்குள் நீரோட்டம் நிற்கும், ஆக்சிஜன் இறங்காது, அமோனியா நைட்ரேட்டாக மாறாது. செத்தவை அழுகினால் அமோனியா இன்னும் கூடும்.

கண்ணாடியோரம் மணலைப் பாருங்கள். வளையைச் சுற்றியிருந்த பழுப்பு விளிம்பு மறைந்து ஆக்சிஜனற்ற கறுப்பு மணல் மேலேறியிருக்கிறதா? கூடவே, புழு, மட்டி இல்லாத மணலை அதே பி.எச்.-இல் தனித் தொட்டியில் வைத்து ஒப்பிடுங்கள். காரணம் புழுவா பாக்டீரியாவா என்று பிரித்தறிய இது கட்டாயம்.

தொட்டி நீரை மதுரை போர்வெல் தண்ணீரில் உப்புக் கலந்து தயாரித்திருந்தால் கவனம்: காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) கடல்நீரோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பி.எச். ஒன்றாக இருந்தாலும் மட்டி ஓடு கரையும் வேகம் மாறும். காரத்தன்மையையும் டைட்ரேஷன் (அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) செய்து குறித்துவையுங்கள்.