ரேகை வைத்தால் சீட்டு வாங்கச் சொல்லுங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். விழுப்புரம் பக்கம் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 67. முதியோர் உதவித்தொகையை, வங்கி சார்பில் ஊருக்கு வரும் மிஷின்காரரிடம் ரேகை வைத்து வாங்குகிறார். டச் போன் வாங்கிக் கொடுத்தேன். கெட்டுவிடும் என்று பயந்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். ஜிபே வரைக்கும் எப்படிப் பழக்குவது?

பதில்: ஜிபே இப்போதைக்கு வேண்டாம். பணம் அனுப்பத் தெரிவதைவிட, தன் கணக்கில் பணம் வந்ததா போனதா என்று உங்கள் அம்மாவுக்குத் தெரிவதுதான் அவசரம்.

முதலில் அந்தப் பயம். அதில் பாதி விரல் சங்கதிதான். களை எடுத்துக் காய்த்துப்போன விரல் உலர்ந்திருக்கும், திரைக்கு அது எட்டாது. படவில்லையே என்று அழுத்திப் பிடிப்பார்கள். உடனே திரையிலுள்ள படம் இடம் மாறும், இல்லாவிட்டால் காணாமலே போகும். திண்டிவனம் பக்கம் நான் போன் பழக்கிய ஒரு வகுப்பில் ஒரு பாட்டி இப்படித்தான், "ஐயோ, கெடுத்துட்டேன்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். ஈரத்துணியில் விரலைத் துடைக்கச் சொன்னேன். "தெரியாமல் சூடான தோசைக்கல்லில் கை பட்டால் எப்படி எடுப்பீங்க? அந்த வேகம்தான்" என்றேன். மூன்றாவது தடவை மகனுக்கு ரிங் போனது. உங்கள் அம்மாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' பகுதிக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தையும் நீட்டி வையுங்கள். முகப்பில் நாலு படம் போதும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். கிராமத்தில் 6 கோடிப் பேருக்கு டிஜிட்டல் கற்றுக்கொடுக்க மத்திய அரசு 2017-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வயது வரம்பு 14 முதல் 60. உதவித்தொகையே 60-க்கு மேல்தான் கிடைக்கிறது! யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எத்தனை வருஷமானாலும் இந்தக் கோபம் எனக்கு ஆறாது.

இனி நீங்கள் கேட்காத விஷயம், அந்த மிஷின்காரர். நேர்மையானவர்களும் உண்டு. ஆனால் ஊர் ஊராக நான் பார்க்கும் தில்லுமுல்லு இதுதான்: "ரேகை விழலை பாட்டி, இன்னொரு தடவை வைங்க" என்பார். முதல் தடவையே பணம் எடுபட்டிருக்கும். இல்லாவிட்டால் 1,200 எடுத்து 1,100 கொடுத்து, நூறு கமிஷன் என்பார். பணம் எடுத்துத் தருவதற்கான கமிஷனை அவருக்கு வங்கி கொடுக்கிறது. அம்மா அவருக்கு ஒரு பைசா தர வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை விரல் வைத்ததும் சீட்டு கேட்கச் சொல்லுங்கள். விழவில்லை என்றாலும் கேட்கட்டும். சீட்டு வராமல் இரண்டாம் தடவை விரல் வைக்கக் கூடாது.

ரேகையை வைத்து யாரும் பணம் எடுக்காதபடி ஆதாரில் கைரேகையைப் பூட்டிவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல வசதிதான், ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். பூட்டினால் மிஷினில் மட்டுமில்லை, ரேஷன் கடையிலும் ரேகை ஏற்காது. ஒவ்வொரு முறையும் தற்காலிகமாகத் திறந்து, அது தானாகப் பூட்டிக்கொள்வதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அரிசி வாங்க வரிசையில் நிற்பவரால் அதெல்லாம் ஆகுமா? திருப்பூரிலிருந்து நீங்கள் திறந்துவிடலாம் என்றால், ஓடிபி அம்மாவின் போனுக்குப் போகும், அவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று ஒருபக்கம் சொல்லிவிட்டு, இன்னொருபக்கம் இதைப் பழக்காதீர்கள். ரேகையே வைக்காமல், வங்கிக்கு நேரில் போய்ப் பணம் எடுக்கிறவர் மட்டும் பூட்டிக்கொள்ளட்டும். அவரும் ரேஷனை யோசித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பாஸ்புக்கோடு அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போங்கள். கணக்கில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று கேளுங்கள். பல பாட்டிகளின் கணக்கில் மிஷின்காரர் நம்பரே இருக்கும். அதை மாற்றி, அம்மா நம்பரைக் கொடுங்கள். அப்புறம் மெசேஜ். பெரும்பாலும் பாழாய்ப்போன ஆங்கிலத்தில்தான் வரும். பரவாயில்லை, கோலம் கற்றதுபோல இரண்டு எழுத்து கற்கட்டும். பிறைபோல் வளைந்த 'சி'யில் தொடங்கும் சொல் கிரெடிட், பணம் வந்திருக்கிறது. முதுகு நிமிர்ந்து வயிறு தள்ளிய 'டி' என்றால் டெபிட், போயிருக்கிறது. காகிதத்தில் பெரிதாக எழுதி தினசரி காலண்டர் அட்டையில் ஒட்டுங்கள். அதன் கீழே 1930 என்றும் எழுதுங்கள். பணம் ஏமாந்தால் உடனே கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண் அது.