டொமைன் சாவியை ஏஜென்ட்டிடம் கொடுக்கும்முன்: வாசகர் கேள்வி பதில்

கே: ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கோடை விழாக் கூட்டத்துக்கு முன்பே இணையதளத்தை கிளவுடுக்கு மாற்றிவிட்டோம். டொமைன் எங்களுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு சேர்க்க வேண்டியிருந்தது. ஏஐ ஏஜென்ட்டிடம் சொன்னோம், ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டது. அன்று முதல் நாங்கள் அனுப்பும் முன்பதிவு மெயில்கள் விருந்தினர்களின் ஸ்பேமில் விழுகின்றன. ஏன்? (வாசகர், ஏற்காடு)

ப: பெரும்பாலும் ஏஜென்ட் புதிய வரியைச் சேர்க்கவில்லை, பழைய வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்திருக்கிறது. டிஎன்எஸ் என்பது உங்கள் டொமைன் பெயருக்கான ரெக்கார்டுகளின் பட்டியல். அதில் ஒரே பெயரும் ஒரே வகையும் கொண்ட மதிப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுப்பு. அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-ல் 'அப்சர்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. அது தொகுப்பில் ஒரு வரியைக் கூட்டாது, தொகுப்பு முழுவதையும் புதிதாக எழுதும். சில டொமைன் நிறுவனங்களின் ஏபிஐ (மென்பொருள் கட்டளை அனுப்பும் வழி) இன்னும் கடுமையானது: ஒரு ரெக்கார்டை அனுப்பினால் டொமைனின் மற்ற ரெக்கார்டுகள் அத்தனையும் போய்விடும்.

உங்கள் டெக்ஸ்ட் தொகுப்பில் எஸ்பிஎஃப் வரி இருந்திருக்கும். எந்த சர்வர் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று ஊருக்குச் சொல்வது அந்த வரிதான். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு மெயில் அனுப்பும் ஒவ்வொருவரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) இருக்கிறதா என்று பார்க்கிறது.

திருத்துவது எளிது. ஏஜென்ட்டுடன் நடந்த உரையாடலை மேலே தள்ளிப் பாருங்கள். எழுதும்முன் அது ரெக்கார்டுகளைப் படித்திருந்தால் பழைய வரி அங்கேயே கிடக்கும். இல்லையென்றால் உங்கள் மெயில் சேவையின் அமைப்புப் பக்கத்தில் கிடைக்கும். எஸ்பிஎஃப், சரிபார்ப்பு இரண்டையும் ஒரே தொகுப்பில், தனித்தனி வரியாக இடுங்கள். ரூட் 53-ல் என்றால் ஒவ்வொன்றையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டு மெயில் சேவை வைத்திருந்தால் ஒரே வரிக்குள் இரண்டையும் சேர்க்க வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்க 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் தேவைப்பட்டாலும் அது தோற்றுப்போகும்.

இனி ஏஜென்ட்டிடம் 'சேர்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'இருக்கும் ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் முதலில் படித்துக் கோப்பில் சேமி. மாற்றத்துக்கு முன் என்ன, பின் என்ன என்று காட்டு. நான் சம்மதம் சொன்ன பிறகு எழுது' என்று சொல்லுங்கள். அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இருக்கட்டும். அது இருந்தால் எந்தத் தவறையும் எளிதில் பழையபடி ஆக்கலாம்.

கே: வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். டொமைன் கணக்கின் பாஸ்வேர்டை ஏஜென்ட்டிடம் கொடுக்கலாமா? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

ப: கூடவே கூடாது. பட்டறைக்கு வேலை கொடுக்கும்போது தேவையான வெள்ளியை எடைபோட்டுத்தான் கொடுப்பீர்கள், பெட்டகச் சாவியைக் கொடுக்க மாட்டீர்கள். இங்கும் அப்படித்தான். டொமைன் பதிவு செய்த கணக்கு உங்களிடமே இருக்கட்டும். டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற விடாத டிரான்ஸ்ஃபர் லாக் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டுக்குத் தேவை ஒரு ஏபிஐ டோக்கன் (குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் திறக்கும் சாவி) மட்டுமே.

கிளவுட்ஃப்ளேர் என்ற டிஎன்எஸ் சேவையில் என்றால் புரொஃபைலில் ஏபிஐ டோக்கன்ஸ் பகுதிக்குப் போய், 'எடிட் ஸோன் டிஎன்எஸ்' மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். ஸோன் என்ற இடத்தில் அந்த ஒரு டொமைனை மட்டும் காட்டி, காலாவதித் தேதியும் வையுங்கள். வேலை ஒரு நாள் என்றால் ஒரு நாளே போதும். குளோபல் ஏபிஐ கீ கணக்கு முழுவதையும் திறக்கும், அதைத் தொட வேண்டாம். ரூட் 53-ல் ஐஏஎம் (அமேசானின் அனுமதி அமைப்பு) விதியில் எந்தப் பெயர், எந்த வகை, எந்தச் செயல் என்று வரையறுக்க முடியும். ஏ (தளத்தின் ஐபி முகவரி), சிநேம் (வேறொரு பெயருக்குத் திருப்புவது) இரண்டை மட்டும் அனுமதித்தால், ஏஜென்ட் எவ்வளவு தவறினாலும் உங்கள் எம்எக்ஸும் (மெயில் எங்கே வர வேண்டும் என்று சொல்வது) நேம்சர்வரும் (டொமைனின் ரெக்கார்டுகளைத் தரும் சர்வர்) பிழைத்துக்கொள்ளும். டோக்கனை உரையாடலில் ஒட்டாமல், கருவியின் செட்டிங்ஸில் வையுங்கள்.

கே: காபித்தூள் விற்கும் தளத்துக்கு, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாத வெறும் டொமைனுக்கு சிநேம் வைக்கச் சொன்னேன். ஏஜென்ட் மறுபடி மறுபடி பிழை காட்டுகிறது. (வாசகர், அழகாபுரம்)

ப: உடனே நிறுத்துங்கள். சிநேம் இருக்கும் பெயரில் வேறு ரெக்கார்டு இருக்கக் கூடாது என்பது 1987-லிருந்து விதி. வெறும் டொமைனிலோ நேம்சர்வர் ரெக்கார்டும் எஸ்ஓஏவும் (டொமைனின் அடிப்படை விவர ரெக்கார்டு) இருந்தே தீரும், எம்எக்ஸும் அங்கேதான். 'எப்படியாவது முடி' என்றால் வழியில் நிற்கும் எம்எக்ஸை ஏஜென்ட் அழித்துப் பார்க்கும். ரூட் 53-ல், தளம் அமேசானின் சேவையில் இருந்தால், ஏலியாஸ் (வெறும் டொமைனிலும் வைக்கக்கூடிய திருப்பு ரெக்கார்டு) வையுங்கள். கிளவுட்ஃப்ளேர் அந்த சிநேமைத் தானே ஐபி முகவரியாக மாற்றித் தரும். மற்ற இடங்களில் கிளவுட் சேவை தரும் ஐபியை ஏ ரெக்கார்டில் இடுங்கள்.

கே: சேலைக்கடைத் தளம். நேற்றுக் காலையே மாற்றியாகிவிட்டது, ஏஜென்ட்டும் 'முடிந்தது' என்கிறது. கடைக் கணினியில் புதிய தளம் வருகிறது, செல்போனில் பழையது. டிடிஎல் (பழைய பதிலை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) ஒரு மணி நேரம்தான். (வாசகர், இளம்பிள்ளை)

ப: ஏஜென்ட் 'முடிந்தது' என்றால் ஏபிஐ கட்டளையை ஏற்றுக்கொண்டது என்று மட்டுமே பொருள். டிடிஎல் 3,600 நொடி என்றால் ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் மாறியிருக்க வேண்டும். 48 மணி நேரம் ஆகும் என்று பலர் சொல்லும் கணக்கு நேம்சர்வரையே மாற்றும்போது வருவது. டாட் காம் அளவில் அதன் டிடிஎல் 1,72,800 நொடி.

உங்கள் விஷயத்தில் சந்தேகம் 'நான்கு ஏ' (AAAA) ரெக்கார்டின்மேல். ஏ என்பது ஐபிவி4 முகவரி, நான்கு ஏ என்பது ஐபிவி6. ஏஜென்ட் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டிருக்கலாம். நம் மொபைல் நெட்வொர்க்குகள் பெரும்பாலும் ஐபிவி6-ல் ஓடுகின்றன, கடை பிராட்பேண்ட் ஐபிவி4-ஆக இருக்கலாம். ஆகவே செல்போன் பழைய சர்வருக்குப் போகிறது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒருமுறை, கடை வைஃபையில் ஒருமுறை அதே செல்போனில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். புதிய சேவை ஐபிவி6 தந்தால் அதை இடுங்கள், இல்லையென்றால் அந்த நான்கு ஏ ரெக்கார்டை நீக்குங்கள். விட்டுவைத்தால், இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சான்றிதழ் பெறுவதும் சிக்கலாகலாம், இரண்டும் இருந்தால் அது ஐபிவி6-ஐத்தான் முதலில் தட்டும்.

அடுத்த முறை மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே டிடிஎல்லை 300 நொடிக்கு இறக்கிவிடுங்கள். பழைய சர்வரின் பதிவேட்டில் வாடிக்கையாளர் வருகை நிற்கும்வரை அதை அணைக்க வேண்டாம். அங்கே வந்து விழும் ஆர்டர்களைத் தினமும் எடுத்துப் பாருங்கள்.